பால்காரர் மகன் வரைந்த உலகம்

1928. லண்டனில் வசதியானவர்கள் குடியிருக்கும் ஒரு தெரு. பெரிய வீடொன்றின் மாடி ஜன்னலைத் திறந்து, தூசி துடைத்த மஞ்சள் துணியை வெளியே நீட்டி உதறுகிறார் ஒரு பணிப்பெண். பெயர் எத்தல். கீழே சைக்கிளில் போய்க்கொண்டிருந்த எர்னஸ்ட் என்ற இளைஞர் நிமிர்ந்து பார்க்கிறார். மேலிருந்து ஒரு பெண் தனக்குத்தான் கையசைக்கிறாள் என்று நினைத்து, அவரும் உற்சாகமாகக் கையை ஆட்டிவிட்டுப் போகிறார். அடுத்த நாளும் அவர் வருகிறார். அதற்கடுத்த நாளும் வருகிறார். எத்தலும் அந்த நேரம் பார்த்து ஜன்னலருகே துணியோடு நிற்கத் தொடங்குகிறார். ஒருநாள் பூங்கொத்தும் கையுமாக வாசலில் வந்து நின்று, சினிமாவுக்குப் போகலாமா என்று கேட்டே விடுகிறார் எர்னஸ்ட்.

1930-ல் இருவருக்கும் திருமணம் நடந்தது. 1934 ஜனவரி 18 அன்று அவர்களுடைய ஒரே பிள்ளை பிறந்தான். அவன்தான் ரேமண்ட் பிரிக்ஸ். பனிமனிதன் ஒருவன் உயிர்பெற்று எழுந்து, ஒரு சிறுவனின் கையைப் பிடித்துக்கொண்டு வானத்தில் பறக்கும் 'தி ஸ்னோமேன்' கதையை உலகத்துக்குக் கொடுத்தவர். கிறிஸ்துமஸ் வந்தால் இங்கிலாந்தின் வீடுகளில் அதன் தொலைக்காட்சிப் படம் ஓடாமல் இருக்காது.

ஆனால், பனிமனிதனை மட்டும் வைத்து இவரை அறிந்தவர்கள் பாதி பிரிக்ஸைத்தான் அறிந்திருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் தாத்தாவைக் குளிரில் முனகிக்கொண்டே வேலைக்குப் போகும் தொழிலாளியாக வரைந்தவர் அவர். அணுகுண்டு விழுந்த பிறகு ஒரு கிழவனும் கிழவியும் நாளுக்கு நாள் செத்துக்கொண்டிருப்பதைப் படக்கதையாக்கியவரும் அவரே. பெற்ற தாயும் தகப்பனும் சந்தித்த நாளிலிருந்து சாகும் நாள் வரை கட்டம் கட்டமாக வரைந்து ஒரு புத்தகமாகத் தந்திருக்கிறார். இந்தப் புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே குணம் உண்டு. உழைக்கிற எளிய மனிதர்களை முழு மரியாதையோடு நடுவில் நிறுத்துவார். படிக்கிறவர் ஐந்து வயதுக் குழந்தையானாலும் பொய் சொல்ல மாட்டார். குழந்தைகளுக்கான புத்தகங்களில் இந்த இரண்டும் சேர்ந்து வாய்ப்பது மிக அரிது.

கூட்டுறவுச் சங்கத்துப் பால்வண்டி

எர்னஸ்ட் கூட்டுறவுச் சங்கத்தின் பால்காரர். ஊர் விழிக்கும் முன்பே எழுந்து, வண்டியில் பால் புட்டிகளை அடுக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போய், ஒவ்வொரு வாசற்படியிலும் வைத்துவிட்டு வர வேண்டும். மழை, மூடுபனி, உறைபனி எதற்கும் விடுமுறை கிடையாது. தென்மேற்கு லண்டனில் விம்பிள்டன் பார்க் பகுதியில் ஒரு சிறிய வரிசைவீட்டைத் திருமணமான புதிதில் தவணைக் கடனில் வாங்கினார்கள். விலை 825 பவுண்டு. ஒரு பால்காரரின் குடும்பத்துக்கு அது வாழ்நாள் கடன். அந்த வீட்டிலேயே நாற்பது வருடம் குடியிருந்தார்கள்.

எத்தல் எர்னஸ்டைவிட ஐந்து வயது மூத்தவர். மகன் பிறக்கும்போது அவருக்கு நாற்பதை நெருங்கும் வயது. பிரசவத்தில் உயிருக்கே ஆபத்தாகி, இனி குழந்தை கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஒற்றைப் பிள்ளை ஆனதால் மொத்த நம்பிக்கையும் ரேமண்ட் மேல் இறங்கியது. தாய்க்குச் சீமாட்டிகளின் வீட்டில் வேலை பார்த்த பழக்கம். பேச்சு, உடை, பண்பு எல்லாம் 'நல்ல குடும்பத்து' மாதிரி இருக்க வேண்டும் என்பார். தகப்பன் தொழிற்கட்சி ஆதரவாளர். சர்ச்சிலைப் பற்றி வீட்டில் பேச்சு எழுந்தாலே கணவனும் மனைவியும் எதிரெதிராக நிற்பார்கள். சண்டையாக அது வளராது. பேச்சு அப்படியே தேநீரில் போய் முடியும்.

இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது ரேமண்டுக்கு ஐந்து வயது. லண்டன் குழந்தைகளையெல்லாம் ரயிலேற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். ரேமண்ட் டார்செட் மாவட்டத்தில் இரண்டு அத்தைமார் வீட்டில் தங்கினான். எர்னஸ்ட் லண்டனிலேயே இருந்து பால் போட்டார். கூடவே தீயணைப்புப் படையிலும் தொண்டராகச் சேர்ந்தார். குண்டுவீச்சில் துறைமுகம் எரிந்த நாளில் பல மணி நேரம் நெருப்போடு போராடிவிட்டு வீடு திரும்பி, அங்கே பார்த்த பிணங்களைச் சொல்ல முடியாமல் மனைவியின் முன்னால் உடைந்து அழுதார். ஏறக்குறைய அறுபது வருடம் கழித்து மகன் அந்த அழுகையை வரைந்தார். அந்தப் பக்கத்தைப் பார்த்தவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள்.

போர் முடிந்த பிறகு ரேமண்டுக்கு நல்ல பள்ளியில் இடம் கிடைத்தது. எத்தலுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமை சில வருடங்கள்தான் நீடித்தது. பதினைந்து வயதில் ரேமண்ட் படிப்பை விட்டுவிட்டு ஓவியப் பள்ளியில் சேரப் போவதாக அறிவித்தான். அலுவலகத்தில் மேசை நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டிய பையன் படம் வரைந்து எப்படிப் பிழைப்பான் என்பது தாயின் கவலை. தகப்பனுக்கும் அந்தக் கவலை இருந்தது; வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஓவியப் பள்ளியில் வரவேற்பு அதைவிட மோசம். 1949-ல் விம்பிள்டன் ஓவியப் பள்ளியில் நேர்முகத் தேர்வின்போது, என்னவாக விரும்புகிறாய் என்று கேட்டார்கள். கார்ட்டூன் வரைய விரும்புகிறேன் என்றான் பையன். கேட்டவருக்கு முகமே சிவந்துவிட்டது. இவ்வளவுதானா உன் ஆசை என்று கடிந்துகொண்டாராம். அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் ஓவிய ஆசிரியர்களுக்குக் கலை என்றால் எண்ணெய் வண்ண ஓவியம். கட்டம் போட்டு, பேச்சுக்குமிழ் வைத்து வரைவதெல்லாம் கூலிக்காரன் வேலை. ரேமண்ட் அவர்கள் சொன்னதைக் கற்றார். இரண்டு வருடம் கட்டாய ராணுவ சேவையில் வரைவாளராக இருந்தார். பிறகு லண்டனின் பெயர்பெற்ற ஸ்லேட் கலைப் பள்ளியில் 1957 வரை படித்தார். எண்ணெய் வண்ணத்தில் அவருக்குக் கடைசிவரை மனம் ஒட்டவில்லை. மனித உருவத்தை மனத்திலிருந்தே எந்தக் கோணத்திலும் வரையும் பயிற்சி மட்டும் கைவசம் வந்தது. ஒரே முகத்தை நூறு கட்டங்களில் நூறு விதமாக வரைய வேண்டியிருந்த பிற்காலத்தில் அந்தப் பயிற்சிதான் கைகொடுத்தது.

பிழைப்புக்காகப் பதிப்பகங்களுக்கு வரைந்து கொடுத்தார். வரையச் சொல்லிக் கையில் வந்த கதைகள் பலவும் மிக மோசமாக இருந்தன. இதைவிட நாமே நன்றாக எழுதலாமே என்று ஒரு கதையை எழுதி, திருத்தங்கள் சொல்லுங்கள் என்று பதிப்பாசிரியரிடம் நீட்டினார். பதிப்பகம் அதை அப்படியே அச்சிடுவதாகச் சொல்லிவிட்டது. 1961-ல் வந்த 'தி ஸ்ட்ரேஞ்ச் ஹவுஸ்' என்ற அந்தப் புத்தகத்தோடு எழுத்தாளர் ரேமண்ட் பிரிக்ஸ் பிறந்தார். அதே வருடம் பிரைட்டன் கலைப் பள்ளியில் பகுதி நேர ஆசிரியராகவும் சேர்ந்தார். கால் நூற்றாண்டு அங்கே பாடம் நடத்தினார். பின்னாளில் பிரிட்டனின் குழந்தை இலக்கியத் தூதுவராகப் பொறுப்பேற்ற கிறிஸ் ரிடெல் அவரிடம் படித்தவர்.

1966-ல் ஆங்கிலக் குழந்தைப் பாடல்களின் பெருந்தொகுப்பு ஒன்றுக்கு 800-க்கும் மேற்பட்ட படங்கள் வரைந்தார். குழந்தைப் புத்தக ஓவியத்துக்கு அந்நாட்டின் உச்ச விருதான கேட் கிரீனவே பதக்கம் கிடைத்தது.

இரண்டு வருடம், மூன்று சாவு

1971-ல் எத்தல் இறந்தார். சில மாதங்களில் எர்னஸ்டும் போய்ச் சேர்ந்தார். 1973-ல் பிரிக்ஸின் மனைவி ஜீன் ரத்தப் புற்றுநோயில் இறந்தார். ஓவியரான ஜீனை அவர் மணந்தது 1963-ல். ஜீனுக்கு நெடுநாளாக ஸ்கிசோஃப்ரினியா என்ற மனநோய் இருந்தது. அதை முன்னிட்டு அவர்கள் குழந்தை பெற்றுக்கொள்ளவில்லை. ஆக, நாற்பது வயதைத் தொடும் முன் தாயும் தகப்பனும் மனைவியும் இல்லாதவராக, பிள்ளையும் இல்லாதவராக நின்றார் பிரிக்ஸ்.

ஜீன் இறந்த அதே வருடம்தான் 'ஃபாதர் கிறிஸ்மஸ்' வெளியானது. எந்த மனநிலையில் ஒருவர் இப்படிச் சிரிக்க வைக்கும் புத்தகத்தை முடித்திருப்பார் என்று நினைக்கும்போது மலைப்பாக இருக்கிறது.

அதுவரை உலகம் கண்ட கிறிஸ்துமஸ் தாத்தா எப்போதும் சிரித்துக்கொண்டிருப்பவர். அவருக்கு வீடு, சமையல், முதுகுவலி எதுவும் கிடையாது. பிரிக்ஸ் ஒரு எளிய கேள்வி கேட்டார். வருடத்தின் மிகக் குளிரான இரவில், புகைபோக்கி புகைபோக்கியாக ஏறி இறங்கி, ஊர் முழுக்க மூட்டை சுமக்கும் கிழவருக்கு அந்த வேலை எப்படி இருக்கும்? அலாரம் அடிக்கிறது. வெயிலைக் கனவு கண்டுகொண்டிருந்த கிழவர் எழுகிறார். மறுபடியும் கிறிஸ்துமஸா என்று சலித்துக்கொள்கிறார். கலைமான்களுக்குத் தீனி வைக்கிறார். கழிப்பறை வீட்டுக்கு வெளியே, பனியில் இருக்கிறது. தேநீரும் ரொட்டியும் கட்டி எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். கரி, பனி, மழை எல்லாவற்றையும் திட்டிக்கொண்டே போகிறார். ஒரு வீட்டைக்கூட விட்டுவிடாமல் எல்லா வீடுகளுக்கும் பரிசைச் சேர்த்துவிட்டு, வீடு திரும்பி, வெந்நீரில் குளித்து, தனக்குத் தானே சமைத்துச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போகிறார்.

இது எர்னஸ்டின் நாள். அதிகாலை இருட்டில் ஊரார் எல்லோருடைய வாசலுக்கும் போய், யார் கண்ணிலும் படாமல் வைக்க வேண்டியதை வைத்துவிட்டு வரும் மனிதர். தாத்தாவின் வீடாக வரையப்பட்டிருப்பதும் பிரிக்ஸின் பெற்றோர் வாழ்ந்த வீடுதான். கதையின் கடைசிப் பகுதியில், விடியும் நேரத்தில், வேலை முடியப்போகும் கிறிஸ்துமஸ் தாத்தாவும் பால்வண்டிக்காரர் ஒருவரும் தெருவில் எதிர்ப்பட்டு ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்கிறார்கள். சக தொழிலாளிகள் பேசிக்கொள்ளும் தோரணையில் இரண்டே வரிப் பேச்சு. இறந்துபோன தகப்பனுக்கு மகன் செய்த மரியாதை அது. அந்தப் புத்தகத்துக்குப் பிரிக்ஸ் இரண்டாவது முறையாகக் கிரீனவே பதக்கம் பெற்றார்.

படக்கதை வடிவத்துக்கு அவர் வந்து சேர்ந்ததும் இந்தப் புத்தகத்தில்தான். வழக்கமான குழந்தைப் படப்புத்தகத்துக்கு 32 பக்கம். பக்கத்துக்கு ஒரு படம் என்று வரைந்தால் தாத்தா தேநீர் போடுவது, காலுறை மாட்டுவது, பூனைக்குப் பால் ஊற்றுவது எதற்கும் இடமிருக்காது. கட்டங்களாகப் பிரித்தால் ஒரே பக்கத்தில் பன்னிரண்டு காரியம் நடக்கும். அன்றாட வேலைகளைக் காட்ட விரும்பியவருக்கு வேறு வழியே இல்லை. கார்ட்டூனா என்று முகம் சிவந்த ஆசிரியருக்கு இருபத்து நான்கு வருடம் கழித்துக் கிடைத்த பதிலாகவும் அதைச் சொல்லலாம்.

சேற்றிலிருந்து பனிக்கு

பிறகு 1977-ல் 'ஃபங்கஸ் த போகிமேன்'. பூமிக்கடியில் அழுக்கும் சளியும் சேறுமாக வாழும் பூதங்களின் உலகம். ஃபங்கஸ் என்ற பூதத்துக்கு இரவில் மேலே வந்து மனிதர்களைப் பயமுறுத்துவது வேலை. தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகும் அந்தப் பூதம், இதையெல்லாம் எதற்காகச் செய்கிறோம் என்று யோசித்து யோசித்து ஏங்குகிறது. குழந்தைகள் அருவருப்பை ரசித்தார்கள். பெரியவர்கள் அந்த ஏக்கத்தில் தங்களைக் கண்டார்கள். பக்கம் முழுக்க நுணுக்கி நுணுக்கி எழுதிய சொற்கள், விளக்கங்கள். இரண்டு வருடம் அந்தச் சேற்றுக்குள்ளேயே உழன்றதில் பிரிக்ஸுக்கு அலுத்துப்போனது. சுத்தமாக, இனிமையாக, சொல்லே இல்லாமல் ஒன்று செய்ய வேண்டும் என்ற தவிப்பில் பிறந்ததுதான் 1978-ன் 'தி ஸ்னோமேன்'.

அதில் ஒரு சொல்கூடக் கிடையாது. மை கொண்டு போட்ட கறுப்புக் கோடும் கிடையாது. முழுக்கக் கலர் பென்சில். காகிதத்தின் சொரசொரப்பில் பென்சில் உரசி விட்டுச் சென்ற மென்மையான நிறமே பனியாகவும், விளக்கொளியாகவும், விடியலின் சாம்பல் வெளிச்சமாகவும் மாறுகிறது. சசெக்ஸ் மாவட்டத்தில் குன்றுகளின் அடிவாரத்தில், வெஸ்ட்மெஸ்டன் என்ற சிற்றூரில் பிரிக்ஸ் பல்லாண்டுகள் வாழ்ந்தார். சிறுவனும் பனிமனிதனும் பறந்து போவது அந்தக் குன்றுகளின் மேலேதான். பிரைட்டன் கடற்கரைப் பாலத்தில் நின்று கடலைப் பார்க்கிறார்கள். திரும்பி வந்து தூங்குகிறார்கள். காலையில் சிறுவன் ஓடிவந்து பார்க்கிறான். தொப்பியும் கழுத்துத்துணியும் மட்டும் கிடக்கின்றன. பனிமனிதன் உருகிப் போய்விட்டான். புத்தகம் அங்கேயே முடிகிறது. கிறிஸ்துமஸ் மரமும் கிடையாது, வடதுருவமும் கிடையாது.

அவையெல்லாம் 1982-ல் அது தொலைக்காட்சிப் படமானபோது சேர்ந்தவை. டயான் ஜாக்சன் இயக்க, ஜான் கோட்ஸ் தயாரித்த அந்த அரைமணி நேரப் படம், புதிதாகத் தொடங்கப்பட்ட சேனல் 4-ன் முதல் கிறிஸ்துமஸுக்கு, டிசம்பர் 26 அன்று ஒளிபரப்பானது. புத்தகத்தில் இருப்பதை மட்டும் வைத்து அவ்வளவு நேரத்தை நிரப்ப முடியாது. எனவே சிறுவனும் பனிமனிதனும் வடதுருவம் வரை பறந்து கிறிஸ்துமஸ் தாத்தாவைச் சந்திக்கிறார்கள். ஹோவர்ட் பிளேக் இசையமைத்த பாட்டு ஒன்று அந்தப் பறத்தலுக்குப் பின்னணியாக ஒலிக்கிறது. படத்தில் அதைப் பாடியவர் பீட்டர் ஆட்டி என்ற தேவாலயப் பாடகர் குழுச் சிறுவன். 1985-ல் இசைத்தட்டாகப் பாடிப் புகழ்பெற்றவர் ஆலெட் ஜோன்ஸ். ஆட்டி பாடிய பாட்டையும் இன்றுவரை பலர் ஜோன்ஸின் கணக்கிலேயே சேர்க்கிறார்கள். படம் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. கலர் பென்சில் உரசிய தன்மையை அசையும் படத்திலும் விடாமல் காத்த ஓவியர் குழுவின் உழைப்புக்கு அந்தப் பெருமை தகும்.

பிரிக்ஸுக்குக் கிறிஸ்துமஸைச் சேர்த்ததில் முழு மகிழ்ச்சி இல்லை. படம் வெற்றிகரமாக ஓடியதை ஒப்புக்கொண்டார். ஆனால் தன் புத்தகம் கிறிஸ்துமஸ் கதை அல்ல, சாவைப் பற்றிய கதை என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தார். பனிமனிதன் உருகுகிறான், பெற்றோர் சாகிறார்கள், விலங்குகளும் பூக்களும் சாகின்றன, இதில் தனியாகச் சோகம் என்று ஒன்றுமில்லை, வாழ்க்கை அப்படித்தான் என்பது அவர் வாதம். குழந்தை அழுகிறதே என்று கேட்கும் பெற்றோர் இன்றும் உண்டு. எனக்குப் பிரிக்ஸ் பக்கமே நியாயம் தெரிகிறது. வளர்த்த கோழியோ நாயோ தாத்தாவோ திடீரென்று இல்லாமல் போகும் நாள் எந்தக் குழந்தைக்கும் வரத்தான் செய்யும். அதற்கு முன்பே ஒரு புத்தகம் அதன் கையைப் பிடித்து, பிரிவு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று காட்டிவிட்டால் அது கொடுமை ஆகாது.

ஜிம்மும் ஹில்டாவும்

1980-ல் வந்த 'ஜென்டில்மேன் ஜிம்' படக்கதையில் நாயகன் பொதுக் கழிப்பறை கழுவும் தொழிலாளி. பெயர் ஜிம் பிளாக்ஸ். மனைவி ஹில்டா. வேறு நல்ல வேலைக்குப் போக வேண்டும் என்று ஜிம் கனவு காண்கிறார். எந்தக் கதவைத் தட்டினாலும் சான்றிதழ் எங்கே, உரிமம் எங்கே என்று கேட்டு அதிகாரம் அவரைத் துரத்துகிறது. எத்தல், எர்னஸ்டின் குணங்கள் ஜிம், ஹில்டாவிடம் அப்படியே இருக்கின்றன. பிரிட்டனில் வந்த முதல் கிராஃபிக் நாவல்களில் ஒன்றாக இன்று இதை விமர்சகர்கள் குறிப்பிடுகிறார்கள்.

அந்த அப்பாவித் தம்பதியை இரண்டு வருடம் கழித்து மீண்டும் அழைத்து வந்தார் பிரிக்ஸ். இந்த முறை அவர்கள் தலையில் அணுகுண்டு விழுந்தது.

காலத்தை நினைவில் கொள்ள வேண்டும். அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஏவுகணைகளைக் குவித்துக்கொண்டிருந்த வருடங்கள். அமெரிக்காவின் 96 குரூஸ் ஏவுகணைகளை இங்கிலாந்தின் கிரீனம் காமன் விமானத் தளத்தில் நிறுத்த முடிவாகியிருந்தது. அதை எதிர்த்துப் பெண்கள் 1981 முதல் அங்கே கூடாரமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். 1980-ல் பிரிட்டன் அரசு 'பாதுகாத்துப் பிழையுங்கள்' என்ற பொருளில் ஒரு கையேட்டை 50 பென்ஸ் விலைக்கு வெளியிட்டது. வீட்டுக் கதவுகளைக் கழற்றிச் சுவரில் சாய்த்து அதற்குள் பதுங்குங்கள், பதினான்கு நாளுக்கு உணவும் நீரும் சேர்த்து வையுங்கள், ஜன்னல் கண்ணாடிக்கு வெள்ளையடியுங்கள் என்றெல்லாம் அதில் அறிவுரை இருந்தது. அணு ஆயுதத் தாக்குதல் நடந்தால் நாட்டின் ஏற்பாடு என்ன என்று காட்டிய ஒரு தொலைக்காட்சி ஆவணப்படமும் பிரிக்ஸை உலுக்கியது.

1982-ல் வெளியான 'வென் த விண்ட் ப்ளோஸ்' புத்தகத்தில் ஜிம் ஓய்வு பெற்றுவிட்டார். கிராமத்தில் சிறு வீடு. நூலகத்திலிருந்து அரசுக் கையேட்டை எடுத்து வந்து, எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிக்கிறார். கதவைக் கழற்றுகிறார். கோணம் சரியாக இருக்கிறதா என்று அளக்கிறார். சுவரின் வண்ணம் கெட்டுவிடுமே, மெத்தை உறை அழுக்காகிவிடுமே என்று ஹில்டா கவலைப்படுகிறார். இரண்டு பேருக்கும் போன போர்தான் நினைவு. மேலே இருப்பவர்களுக்கு எல்லாம் தெரியும், அவர்கள் வந்து காப்பாற்றுவார்கள் என்று நம்புகிறார்கள். நுணுக்கி வரைந்த இந்தச் சிறு கட்டங்களுக்கு நடுவே திடீரென்று இரு பக்கங்களை அடைத்துக்கொண்டு ஓர் ஏவுகணை இருட்டில் நிற்கிறது. மறுபடி சிறு கட்டங்கள். மறுபடி ஒரு போர் விமானம். பிறகு ஒரு நாள், பக்கம் முழுக்க வெறும் வெளிச்சம்.

குண்டுக்குப் பிறகும் அவர்கள் உயிரோடு இருப்பதுதான் கதையின் கொடுமை. கதிர்வீச்சு என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரியாது. தண்ணீர் வரவில்லை, பால்காரர் வரவில்லை, செய்தித்தாள் வரவில்லை என்று பேசிக்கொள்கிறார்கள். தலைமுடி கொட்டுகிறது, ஈறில் ரத்தம் கசிகிறது, தோலில் நீலத் திட்டுகள் தோன்றுகின்றன. பக்கத்துக்குப் பக்கம் நிறங்கள் வெளுத்து, நோயாளியின் முகம்போலப் பச்சையும் சாம்பலுமாக மாறுகின்றன. ஒவ்வொரு அறிகுறிக்கும் ஜிம் ஒரு சமாதானம் கண்டுபிடிக்கிறார். அரசாங்கத்தின் மேல் வைத்த நம்பிக்கை கடைசிவரை குறைவதே இல்லை. ஆட்சியாளர்களை நேராக ஒரு வசைகூடச் சொல்லாமல், நம்பியவரின் நம்பிக்கையை அப்படியே காட்டி அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறார் பிரிக்ஸ்.

புத்தகம் பிரிட்டனின் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு அனுப்பப்பட்டது. வானொலி நாடகமாகவும் மேடை நாடகமாகவும் ஆனது. 1986-ல் ஜிம்மி முராகாமி இயக்கத்தில் ஜான் மில்ஸ், பெகி ஆஷ்கிராஃப்ட் குரல்களோடும் டேவிட் போவி பாடிய தலைப்புப் பாடலோடும் அசைவூட்டப் படமாக வந்தது. அணு ஆயுத எதிர்ப்பு இயக்கத்தில் புள்ளிவிவரங்களும் ஊர்வலங்களும் நிறைய இருந்தன. இரண்டு முதியவர்களின் பேச்சு தொட்ட இடத்தை அவை தொட்டிருக்குமா என்பது சந்தேகமே.

ஃபாக்லாந்து போர் முடிந்து இரண்டு வருடத்தில், பிரிட்டன், அர்ஜென்டினா தலைவர்களை உலோகப் பொம்மைகளாகக் காட்டும் ஒரு புத்தகத்தையும் போட்டார். தலைவர்கள் வரும் பக்கங்கள் கண்ணைப் பறிக்கும் வண்ணத்தில் கத்துகின்றன. செத்துக் கிடக்கும் படைவீரர்கள் மட்டும் கறுப்பு வெள்ளையில், தழும்பும் காயமுமாக நிஜ மனிதர்களாக இருக்கிறார்கள். அந்தப் போரில் இறந்தவர்கள் பிரிட்டன் தரப்பில் 255 பேர், அர்ஜென்டினா தரப்பில் 649 பேர். கை கால் இழந்தவர்களுக்கு வெற்றி ஊர்வலத்தில் இடமில்லாமல் போனதையும் அவர் வரையாமல் விடவில்லை.

எத்தல், எர்னஸ்ட்

1998-ல், அறுபத்து நான்காம் வயதில், பிரிக்ஸ் தன் வாழ்க்கையின் ஆகச் சிறந்த புத்தகத்தை வெளியிட்டார். என் கணிப்பில் அது 'ஸ்னோமேன்' அல்ல, 'எத்தல் அண்ட் எர்னஸ்ட்' தான்.

மஞ்சள் துணியை உதறும் அந்தக் காட்சியில் தொடங்கி 1971 வரை நீளும் கதை. இதில் பெரிய சம்பவங்கள் எல்லாம் ஜன்னலுக்கு வெளியேதான் நடக்கின்றன. ஹிட்லர், போர், ஹிரோஷிமா, இலவச மருத்துவத் திட்டம், நிலவில் மனிதன் என ஒவ்வொன்றும் வானொலி வழியாகவும் செய்தித்தாள் வழியாகவும் சமையலறைக்குள் நுழைகிறது. எர்னஸ்ட் செய்தியை உரக்கப் படிப்பார். எத்தல் பாத்திரம் துலக்கியபடியே அதற்கு ஒரு பதில் சொல்வார். முதல் குளியலறை, முதல் தொலைபேசி, முதல் தொலைக்காட்சி, முதல் கார் என்று நாற்பது வருட பிரிட்டன் ஒரு பால்காரரின் வீட்டுக்குள்ளேயே கடந்து போகிறது. நாம் தொழிலாளர் வர்க்கம் என்று கணவர் சொன்னால் மனைவிக்குப் பிடிக்காது. மகன் தலைமுடியை வளர்த்துக்கொண்டு வந்தால் சீப்பை எடுத்துக்கொண்டு ஓடிவருவார்.

சின்ன வயதில் ரேமண்ட் ஒரு பேரிக்காய் விதையைத் தோட்டத்தில் ஊன்றி வைக்கிறான். அது கதையோரமாகவே வளர்ந்துகொண்டு வருகிறது.

எத்தலின் கடைசி நாட்களை வரைந்த விதத்தில்தான் பிரிக்ஸ் யார் என்பது தெரியும். நினைவு தப்பிய மனைவி, கணவனை அடையாளம் தெரியாமல், யார் அந்தக் கிழவர் என்று மகனிடம் கேட்கிறார். இறந்த பிறகு மருத்துவமனைத் தள்ளுவண்டியில் கிடத்தியிருக்கும் தாயின் உடலை, வாய் திறந்த நிலையில், எந்த அலங்காரமும் செய்யாமல் வரைந்திருக்கிறார். பெற்ற தாயை இப்படி வரையலாமா என்று கேட்டவர்கள் உண்டு. அவ்வளவு வருடம் அந்த முகத்தை அன்போடு வரைந்த கைக்கு, கடைசி முகத்தையும் வரையும் உரிமை இருந்தது. அழகாக்கி வரைந்திருந்தால் அது எத்தலாக இருந்திருக்காது.

அரசகுலத்தாருக்கும் தளபதிகளுக்கும் எழுதப்படும் வாழ்க்கை வரலாறு ஒரு பணிப்பெண்ணுக்கும் பால்காரருக்கும் எழுதப்பட்டது. 1999-ல் பிரிட்டிஷ் புத்தக விருதுகளில் அந்த ஆண்டின் சிறந்த ஓவிய நூல் என்ற விருதைப் பெற்றது. 2016-ல் ரோஜர் மெயின்வுட் இயக்கத்தில், ஜிம் பிராட்பென்ட், பிரெண்டா பிளெத்தின் குரல் கொடுக்க அசைவூட்டப் படமாகவும் வந்தது.

ஜீன் இறந்து சில வருடங்களில் லிஸ் என்ற பெண்மணியோடு பிரிக்ஸுக்கு நட்பு ஏற்பட்டது. இருவரும் மணமுடிக்கவில்லை, ஏறக்குறைய நாற்பது வருடம் துணையாக இருந்தார்கள். லிஸின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பிரிக்ஸின் குடும்பமானார்கள். தேங்கிய மழைநீரைப் பற்றிப் பேரன் ஒருவன் சொன்ன பேச்சிலிருந்து 2004-ல் 'த படில்மேன்' என்ற புத்தகமே பிறந்தது. லிஸ் பார்க்கின்சன் நோயோடு போராடி 2015-ல் இறந்தார். 2017-ல் அரசு பிரிக்ஸுக்கு சிபிஇ பட்டம் அளித்தது.

2019-ல் 'டைம் ஃபார் லைட்ஸ் அவுட்'. பத்து வருடத்துக்கும் மேலாகச் சிறுகச் சிறுக எழுதி வரைந்து சேர்த்த கடைசிப் புத்தகம். நிறமே இல்லை, வெறும் பென்சில். இப்போது, அப்போது, விரைவில் என்று மூன்று பகுதிகள். 'விரைவில்' என்றால் என்ன என்று வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. மாத்திரை, நாயோடு நடை, தனிமை, வீட்டில் தன்னை நடுங்க வைக்கும் சாவு நினைப்பு எல்லாவற்றையும் எண்பது தாண்டிய மனிதர் ஒளிக்காமல் வரைந்திருக்கிறார். 2022 ஆகஸ்ட் 9 அன்று, 88-ம் வயதில் பிரிக்ஸ் மறைந்தார். குழந்தைகள் வரைந்து அனுப்பிய படங்களை அவர் தன் வேலையறைச் சுவரில் குத்தி வைத்திருந்ததாகக் குடும்பத்தார் வெளியிட்ட அறிக்கையில் சொன்னார்கள்.

இவரை இனிமேல்தான் படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான்கைந்து வயதுக் குழந்தை வீட்டில் இருந்தால் 'ஸ்னோமேன்' புத்தகத்தைக் கொடுங்கள். சொற்களே இல்லாததால் எந்த மொழிக் குழந்தையும் படிக்கும். படத்தை முதலில் காட்டிவிடாமல், புத்தகத்தைக் கொடுத்துக் கதையைக் குழந்தையையே சொல்லச் சொல்லுங்கள். கடைசிப் பக்கத்தில் அழுதால் அழட்டும், பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். ஏழெட்டு வயதில் 'ஃபாதர் கிறிஸ்மஸ்' சரியாக இருக்கும். அணுகுண்டுக் கதைக்குப் பதின்மூன்று வயதாவது ஆகட்டும். 'எத்தல் அண்ட் எர்னஸ்ட்' உங்களுக்கு. அதை மட்டும் நூலகத்தில் இரவல் வாங்காமல், முடிந்தால் சொந்தமாக வாங்கி வையுங்கள். அப்பா அம்மா இருக்கும்போதே படித்து முடித்துவிட்டால், அவர்கள் எப்படிச் சந்தித்தார்கள், முதல் வீட்டுக்கு என்ன வாடகை கொடுத்தார்கள் என்று நேரில் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.